பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது?



கடந்த மாதம் கேகாலை மாவட்டத்தில் ஓர் இறப்பர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பால் வெட்டிய பெண்கள் வாளிகளை ஸ்டோரில் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு தங்கச்சி ஓடிவந்து என் கையில் ஒரு படிவத்தைத் தந்தார். தரம் 1 அனுமதிக்கான விண்ணப்பம். சிங்களத்தில் இருந்தது.

"மிஸ், இத நிரப்பிக் குடுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. பிள்ளைய எந்த ஸ்கூல்ல போடுறது?" என்று கேட்டார்.

படிவத்தை நிரப்ப எனக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் அவருடைய கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களுடன் பேசப்போகிறேன்.

அந்தத் தங்கச்சியின் பெற்றோர் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழ்ந்தவர்கள். 1977 ஓகஸ்ட் வன்செயலில் லயம் எரிந்ததும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வன்னிக்குப் போனார்கள். 1977, 1981, 1983 என்று மூன்று முறை சப்ரகமுவவிலிருந்து இப்படிப் புறப்பட்ட குடும்பங்கள் பல. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளை வெட்டிக் குடியேறியவர்களில் நம் தோட்டத்து மக்கள் கணிசமானவர்கள். இதை வாசிக்கும் உங்களில் சிலருடைய அம்மாவின் ஊர் பலாங்கொடையாகவோ காவத்தையாகவோ இருக்கலாம்.

தங்கச்சி பிறந்தது கிளிநொச்சியில். 2009இல் அவருக்கு வயது 13. தந்தையும் அண்ணனும் அந்த ஆண்டு இல்லாமல் போனார்கள். மெனிக் பாமிலிருந்து வெளியே வந்ததும் அம்மாவும் அவரும் கேகாலையில் சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். விடுகைப்பத்திரம் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவே பல மாதங்கள் ஆயின. அதற்குள் வயது 15 ஆகிவிட்டது. தரம் 8இல் போட்டார்கள். வகுப்பில் எல்லாரையும்விட உயரம். ஒரு வருடத்தில் நின்றுவிட்டார். பிறகு பால் வெட்டு, கல்யாணம், ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்குத்தான் இப்போது பள்ளிக்கூடம் தேடுகிறார்.

முன்னால் மூன்று வழிகள்

அவர் முன்னால் மூன்று பாடசாலைகள் இருக்கின்றன. முதலாவது, தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலை. நடந்தால் பத்து நிமிடம். தரம் 5 வரைதான். அதற்கு மேல் படிக்க 14 கிலோமீற்றர் தள்ளி நகரத்திலுள்ள தமிழ் மகா வித்தியாலயத்துக்குப் போகவேண்டும்.

இரண்டாவது, கிராமத்துச் சிங்களப் பாடசாலை. இரண்டு கிலோமீற்றர். பிள்ளைகள் குறைந்துகொண்டே வருவதால் அதிபர் தோட்டத்துப் பிள்ளைகளை அன்பாகவே கூப்பிடுகிறார்.

மூன்றாவது, நகரத்துப் பெரிய சிங்களப் பாடசாலை. விஞ்ஞான ஆய்வுகூடம், மைதானம், ஆங்கிலம் எல்லாம் உண்டு. கணவர் நகரத்தில் ஒரு கடையில் வேலை செய்கிறார். முதலாளியின் பிள்ளை அங்கே படிக்கிறது. அவருடைய ஆசை அதுதான். என் கையிலிருந்த படிவமும் அதற்குரியது.

நுவரெலியா மாவட்டத்தில் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் தமிழர்கள். அங்கே தமிழ்ப் பாடசாலைகள் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து நிற்கும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் சிங்கள மக்கள். நம்மவர்கள் தெரணியகலை, யட்டியாந்தோட்டை, புலத்கொஹுபிட்டிய, இறக்குவானை, பெல்மதுளை என்று தோட்டம் தோட்டமாகச் சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு தமிழ்ப் பாடசாலைக்கும் அடுத்ததற்கும் இடையில் மலையும் ஆறும் கிடக்கும். உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் தமிழில் படிக்க இடம் தேடுவது இன்றும் பெரும்பாடு.

தெரிவு செய்ய விட்டால் போதுமா?

பெற்றோர் விரும்பிய பாடசாலையைத் தெரிவு செய்யட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 'சாட்டர் பாடசாலை' என்ற முறை இந்த எண்ணத்தில் பிறந்தது. 1991இல் மினசோட்டா மாநிலம் அதற்கு முதல் சட்டம் இயற்றியது. பணம் அரசாங்கத்தினுடையது. நடத்துவது ஒரு சங்கமோ நிறுவனமோ. கட்டணம் இல்லை. யாரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பங்கள் கூடினால் சீட்டுக் குலுக்குவார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2010இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் குடியியல் உரிமை ஆய்வாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சாதாரண அரச பாடசாலைகளைவிட இந்தப் பாடசாலைகளில் கறுப்பினப் பிள்ளைகள் தனியாக ஒதுங்கிப்போவது கூடுதல் என்று அதில் சொன்னார்கள். இந்தப் பாடசாலைகள் பெரும்பாலும் நகரங்களில் இருப்பதால் ஒப்பீடு சரியில்லை என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. ஒரு விஷயம் மட்டும் தெளிவாகியது. தெரிவு செய்ய விட்டால் பிள்ளைகள் தாமாகவே கலந்துவிடுவதில்லை. தகவல் தெரிந்த, வாகனம் உள்ள, நேரம் உள்ள பெற்றோர் முதலில் தெரிவு செய்கிறார்கள். ஆகவே சில பாடசாலைகள் ஏழைப் பிள்ளைகளின் பெயருக்குக் குலுக்கலில் கூடுதல் வாய்ப்புக் கொடுத்து, எல்லாத் தரப்புப் பிள்ளைகளையும் திட்டமிட்டே சேர்க்கின்றன. வாசலில் உள்ள விதியை மாற்றினால் வகுப்பறையும் மாறுகிறது.

நமக்கும் இது புதிதில்லை. அரசாங்கம் பணம் கொடுக்க, வேறு ஒருவர் நடத்தும் பாடசாலை இலங்கையில் நீண்ட காலம் இருந்தது. 'உதவி பெறும் பாடசாலை' என்று அதற்குப் பெயர். மிஷனரிகள், பௌத்தர்கள், இந்துக்கள் என்று ஒவ்வொரு தரப்பினரும் நடத்தினார்கள். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அவற்றில் பெரும்பாலானவை அரசுடைமையாயின.

தோட்டப் பாடசாலையின் கதை வேறு. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் வைத்தது. அரசாங்க உதவிப் பணமும் கிடைத்தது. ஆனால் பிள்ளை படித்துவிட்டால் கொழுந்து எடுக்க யார் என்று நினைக்கும் நிர்வாகத்திடம் பள்ளிக்கூடத்தை ஒப்படைத்தால் என்ன நடக்கும்? ஒரே மண்டபம், ஒரே மாஸ்டர், ஐந்து வகுப்பு. பல இடங்களில் பிள்ளைக்காம்பராவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வித்தியாசம் தெரியாது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. கன்னங்கரா அவர்களின் பெயரை எல்லாரும் நன்றியோடு சொல்கிறோம். அந்த வெளிச்சம் லயத்துக்கு வரவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசாங்கத்திடம் வந்தன. நாம் முப்பது ஆண்டுகள் பிந்தி ஓடத் தொடங்கியவர்கள்.

வாசலில் கேட்கும் கேள்வி

இனி அந்தப் படிவத்துக்கு வருவோம். இடத்தைவிட விண்ணப்பம் கூடிய பாடசாலைகளில் தரம் 1 அனுமதிக்குச் சுற்றறிக்கை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இடங்களில் பாதி, பாடசாலைக்கு அருகில் வசிப்பவர்களுக்கு. காற்பங்கு, பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. மீதியில் பெரும்பகுதி, ஏற்கனவே அங்கு படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்கு.

சமூகவியல் படித்தவள் என்ற முறையில் இந்தக் கணக்கைப் பல தடவை பார்த்திருக்கிறேன். இதில் இனத்தின் பெயர் எங்கும் இல்லை. யாரையும் விலக்கும் சொல்லும் இல்லை. ஆனால் மூன்று பகுதியும் கேட்பது ஒரே கேள்வியைத்தான். "நீ முன்பே இங்கு இருந்தாயா?"

அருகில் வசிப்பதை நிரூபிக்க வீட்டு உறுதி, குத்தகை ஒப்பந்தம், வாக்காளர் இடாப்பு, மின் பட்டியல் கேட்பார்கள். லயத்து அறைக்கு உறுதி ஏது? மின் பட்டியல் ஒருவர் பெயரில் வரும், பக்கத்து இரண்டு அறைக்கும் வயர் அங்கிருந்துதான் போகும். பழைய மாணவர் என்றால் நம் பெற்றோரில் எத்தனை பேர் நகரத்துப் பாடசாலையின் பழைய மாணவர்? முதல் பிள்ளை சேராவிட்டால் இரண்டாவது பிள்ளைக்கு அண்ணன், அக்காவின் வழியும் கிடையாது.

இடம்பெயர்ந்த பெண்ணுக்கு இது இன்னும் கடினம். 'முன்பே' என்ற ஒன்று அவளிடம் காகிதமாக இல்லை. அது புதுமாத்தளனில் மண்ணுக்குள் கிடக்கிறது. எந்த அதிகாரியும் கெட்ட எண்ணத்தோடு செய்யாமலேயே, வசதியான பாடசாலை ஒரே மாதிரியான பிள்ளைகளால் நிரம்பிவிடுகிறது.

இதோடு மொழிப் பிரிவும் சேர்கிறது. நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகள் இருந்தாலும், சிங்களமும் தமிழும் ஒரே வளவுக்குள் கற்பிக்கும் பாடசாலைகள் நூற்றுக்கு ஒன்று இரண்டுதான். 2008இல் கல்வியமைச்சு சமூக இணக்கத்துக்கும் சமாதானத்துக்குமான கல்விக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நல்ல கொள்கை. ஆனால் பக்கத்துப் பக்கத்துக் குன்றில் வாழும் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் இன்றும் ஒருவரையொருவர் பஸ்ஸில்தான் காண்கிறார்கள்.

என் வீட்டுக் கதை

நானும் லயத்துப் பிள்ளைதான். தமிழ்ப் பாடசாலையில் படித்தேன். எனக்கு உயிரியல் பிடிக்கும். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு நல்ல பெறுபேறு வந்தது. உயர்தர விஞ்ஞானம் தமிழில் படிக்க வெளி மாவட்டத்துக்குப் போய் விடுதியில் தங்கவேண்டும். அப்பாவின் சம்பளத்தில் அது முடியாது. கலைப்பிரிவில் சேர்ந்தேன். சமூகவியல் எனக்குப் பிடித்த பாடம் ஆகியது உண்மை. ஆனால் நான் அதைத் தெரிவு செய்தேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது.

என்னைப் பார்த்துப் பயந்த அம்மா, தம்பியைக் கிராமத்துச் சிங்களப் பாடசாலையில் சேர்த்தார். அவன் நன்றாகப் படித்தான். இன்று பிரதேச செயலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் அம்மாவுக்கு வாய் அவன்தான். அவனுடைய உயிர் நண்பர்கள் சிங்களப் பிள்ளைகள். வெசாக்குக்கு நாங்கள் அவர்கள் வீட்டுக்கும், தீபாவளிக்கு அவர்கள் எங்கள் லயத்துக்கும் வருவார்கள். இந்த உறவை எந்தத் தமிழ்ப் பாடசாலையும் எனக்குத் தரவில்லை.

ஆனால் அந்தப் பாடசாலையில் சைவசமயம் படிப்பிக்க ஆசிரியர் இல்லை. அந்தப் பாடவேளையில் பௌத்த வகுப்பில் உட்கார்ந்தான். சாதாரண தரப் பரீட்சையிலும் அந்தப் பாடமே எழுதினான். அதில் அவமானம் எதுவும் இல்லை, நல்லதைத்தான் படித்தான். அப்பா இறந்தபோது கோயில் ஐயர் தேவாரப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்தார். அவனுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. புத்தகத்தை என்னிடம் நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அன்று அம்மா அழுதது அப்பாவுக்காக மட்டுமில்லை.

அம்மா செய்தது பிழையா? இன்றும் நான் அப்படிச் சொல்லமாட்டேன். இரண்டு பிள்ளைகளும் எதையோ இழந்தோம். ஒரு நல்ல பாடசாலை பக்கத்தில் இருந்திருந்தால் இருவரும் இழந்திருக்கத் தேவையில்லை.

நான் சொன்ன ஆலோசனை

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் வேறொரு அக்கா இதே கேள்வியைக் கேட்டார். "தாய்மொழியில்தான் படிக்கவேண்டும்" என்று உடனே சொன்னேன். அவருடைய மகளைத் தமிழ்ப் பாடசாலையிலேயே விட்டார். கெட்டிக்காரப் பிள்ளை. சாதாரண தரம் சித்தியடைந்தது. அதற்கு மேல் போகும் தமிழ்ப் பாடசாலைக்கு இரண்டு பஸ் ஏறவேண்டும். தோட்டப் பாதையில் ஓடுவது தனியார் பஸ், சீசன் டிக்கெட் செல்லாது. மாலையில் பிள்ளை இருட்டித்தான் வீட்டுக்கு வரும். அந்த அக்காவுக்குத் துணையில்லை. மூன்று மாதத்தில் மறித்துவிட்டார். இப்போது அந்தப் பிள்ளை கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறது. என்னைக் கண்டால் "மிஸ்" என்று சிரிக்கும். அந்தச் சிரிப்பு எனக்குச் சுடும்.

அதனால் இந்தத் தடவை உடனே பதில் சொல்லவில்லை. தங்கச்சியோடு லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டேன். காலையில் பிள்ளையை யார் கூட்டிப்போவது? ஐந்தரைக்குப் பெரட்டு, ஏழரைக்குப் பள்ளிக்கூடம். அந்த நேரம் அம்மா மரத்தடியில் நிற்பார். வீட்டில் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா? பிள்ளைக்குச் சிங்களம் ஒரு சொல்லாவது தெரியுமா? பத்தாண்டுக்குப் பிறகு பஸ் காசு எங்கிருந்து வரும்?

கடைசியில் என் கருத்தையும் சொன்னேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதல் எழுத்து வீட்டில் பேசும் மொழியில் வருவது நல்லது. அம்மா கேட்டுத் திருத்தக்கூடிய மொழி அதுதான். ஆகவே முதல் ஐந்து வருடம் தோட்டப் பாடசாலை. ஆனால் சிங்களத்தைத் தரம் 6 வரை தள்ளிப்போடக் கூடாது. தரம் 5க்குப் பிறகு மறுபடி இருந்து யோசிப்போம். கிராமத்துப் பாடசாலையைத் தெரிவு செய்தால் அதுவும் குற்றமில்லை. அப்படியானால் அறநெறிப் பாடசாலையிலோ வீட்டிலோ தமிழ் எழுத்தைக் கட்டாயம் பழக்கவேண்டும்.

தங்கச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "நான் நின்ன மாதிரி இவ நிக்கக் கூடாது மிஸ். அதுதான் எனக்கு வேணும்" என்றார். நகரத்துப் பாடசாலைப் படிவத்தையும் நிரப்பித்தான் அனுப்பினோம். இடம் கிடைக்காமல் போகலாம். ஆனால் லயத்திலிருந்து ஒரு விண்ணப்பமும் வராவிட்டால், அந்த வாசலில் பிரச்சினை இருப்பதே யாருக்கும் தெரியப்போவதில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

சகோதரிகளே, பிள்ளைக்கு ஐந்து வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். இவற்றை இப்போதே செய்து வையுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் பிரதியை எடுத்து வையுங்கள். உங்கள் பதிவு வன்னியில் இருந்தாலும் பக்கத்துப் பிரதேச செயலகத்தில் பிரதி பெற வழியிருக்கிறதா என்று கேளுங்கள். பிறப்பே பதியப்படவில்லை என்றால் அங்குள்ள பதிவாளரிடம் அனுமான வயதுச் சான்றிதழ் பற்றி விசாரியுங்கள்.

ஒவ்வொரு வருடமும் வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயரும் கணவர் பெயரும் இருக்கின்றனவா என்று கிராம உத்தியோகத்தரிடம் பாருங்கள். உறுதி இல்லாத நமக்கு அதுதான் பெரிய சாட்சி. கணவர் காணாமல் போயிருந்தாலும் உங்கள் பெயர் அங்கு இருக்கவேண்டும்.

5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016இல் விதி செய்யப்பட்டது. முன்பு அது 14 வயது வரை. அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, சிங்களம் அல்லது தமிழில் கல்வி பெறும் உரிமையை எல்லாருக்கும் தருகிறது. காகிதம் குறைவு என்று ஒரு பாடசாலை பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அங்கேயே அழுதுகொண்டு திரும்பாதீர்கள். வலயக் கல்விப் பணிமனைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். தற்காலிகப் பட்டியல் வந்த பிறகு மேன்முறையீடு செய்யவும் இடமுண்டு. அதன் கடைசித் திகதியை முதலிலேயே கேட்டு வையுங்கள்.

முக்கியமாக, தனியாகப் போகாதீர்கள். நான்கு தாய்மார் சேர்ந்து போனால் கதிரை போட்டு உட்காரச் சொல்வார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கும் போங்கள். தோட்டப் பாடசாலைக்குச் சிங்கள ஆசிரியர் ஒருவர், நகரத்துத் தமிழ்ப் பாடசாலைக்கு உயர்தர விஞ்ஞானம், பிள்ளைகளின் நேரத்துக்கு ஓர் அரசாங்க பஸ், கிராமத்துச் சிங்களப் பாடசாலைக்குச் சைவசமயமும் தமிழும் படிப்பிக்க ஓர் ஆசிரியர். இந்த நான்கும் பெரிய கோரிக்கைகள் இல்லை. இவை கிடைத்தால் எந்தப் பாடசாலையைத் தெரிவு செய்தாலும் பிள்ளை எதையும் இழக்காது.

போன வாரம் தங்கச்சி தொலைபேசியில் பேசினார். அந்த லயத்தில் மேலும் மூன்று தாய்மார் விண்ணப்பப் படிவம் வாங்கிவிட்டார்களாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் எல்லாருமாக உட்கார்ந்து நிரப்பப் போகிறோம். பேனையும் வெள்ளைத்தாளும் நான் கொண்டுபோவேன். உங்கள் ஊரில் பேனை பிடிக்கத் தெரிந்த ஒரு தங்கச்சி நிச்சயம் இருப்பாள். அவளைக் கூப்பிடுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.